“…வன் கையை விட்டேன்”

உயிரோடு இருந்தும் பேச முடியாமல் கிடந்த ஒரு மனிதரின் வாக்கியத்தில் இரண்டு எழுத்துகளை நான் போட்டேன். இன்று அவர் இல்லை. அந்த வாக்கியம் அவருடையது என்றே அவர் வீட்டார் நம்புகிறார்கள்.

அவர் எழுதியதும் அதுவாகவே இருக்கலாம்... அதற்கு நேர் எதிரானதாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது! தெரியாமலே போட்டேன். தெரியாது என்பதை இதுவரை எவரிடமும் சொல்லவில்லை.

இரண்டு எழுத்துகள்தானே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

என் பெயர் கோமதி. சிதம்பரம் தெற்கு வீதியில், ஒரு மருந்துக் கடையின் மாடியில், தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்துதரும் சிறிய கடை வைத்திருக்கிறேன். காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் நெல் விளைவித்த குடும்பம் எங்களுடையது. அந்தக் குடும்பத்தில் வயலை விட்டுவிட்டுக் கணினியின் முன்னால் உட்கார்ந்த முதல் ஆள் நான். ஆய்வேடுகள், கல்யாணப் பத்திரிகைகள், கோயில் விழா அழைப்புகள்... எல்லாம் செய்வேன். ஆனால் என் பெயர் வெளியே தெரிந்தது வேறொன்றுக்காக. யாராலும் திறக்க முடியாத பழைய தமிழ்க் கோப்புகளை நான் திறந்துவிடுவேன். “சிதம்பரத்துல ஒரு அக்கா இருக்காங்க, அவுங்ககிட்ட போ” என்று கடலூர்க் கடைக்காரர்களே ஆட்களை அனுப்பிவைப்பார்கள்.

அந்தப் பெயரில் எனக்கு எவ்வளவு கர்வம் இருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

தினேஷ் அப்படி அனுப்பப்பட்டு வந்தவன்தான். தேவனாம்பட்டினத்துப் பையன். குடிகாடு பக்கத்து ரசாயனத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர் வேலை. ஒரு மத்தியான வேளையில், பழைய கணினிப் பெட்டி ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தான்.

“அக்கா, இதுக்குள்ள எங்கப்பா எழுதுனது இருக்கு. நடுவுல ரிப்பேராகி எல்லாத்தையும் புதுசா ஏத்துனதுலேருந்து, தெறந்தா ஒரே கோழிக் கிறுக்கலா வருது. நாலு கடை ஏறி எறங்கிட்டேன். யாராலயும் ஆவல.”

“அப்பா இருக்காரா?”

“இருக்காரு. ஆனா பேச்சு இல்ல. பக்கவாதம். வலது கையும் போயிட்டுது. படிக்கவும் முடியல.”

தந்தையின் பெயர் கலியபெருமாள். மீனவக் குடும்பம். சுனாமியில் மூத்த மகன் பாலுவைப் பறிகொடுத்த பிறகு அவர் கடலுக்குப் போகவே இல்லை. ஐஸ் கம்பெனி ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தார். யாரோ கழித்துப்போட்ட கணினியை வாங்கி, தானே தட்டச்சு பழகி, வருடக்கணக்கில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். என்ன எழுதுகிறார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. மனைவி அஞ்சலையம்மாள் கேட்டால், “என் கதைய எழுதுறேன்” என்பாராம்.

“ஒரு வரி விடாம வேணும்க்கா” என்றான் தினேஷ். “எனக்கு அதுல ஒண்ணு தெரிஞ்சிக்கணும்.”

என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்... கேட்டிருந்தால் அந்தக் கோப்பைத் தொடும்போது என் கை நடுங்கியிருக்கும். நடுங்கிய கை தவறு செய்திருக்காது.

நடந்ததை உங்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். இன்று நீங்கள் கைப்பேசியில் அடிக்கும் தமிழ் எங்கே போனாலும் தமிழாகவே தெரியும். முன்பு அப்படி இல்லை. கணினிக்குள் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் உட்கார்ந்திருந்த இருக்கைகளில் தமிழ் எழுத்துகளை ஏற்றி உட்காரவைத்தார்கள். எந்த இருக்கையில் எந்த எழுத்து என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். ஒன்றில் ‘க’ இருந்த இடத்தில் இன்னொன்றில் ‘ளு’ இருக்கும். ஒரு சொற்செயலியில், அதாவது எழுத உதவும் மென்பொருளில், அடித்ததை வேறொரு சொற்செயலிக்குக் கொண்டுபோகும்போது, இந்த இருக்கைக்கு இந்த எழுத்து என்று ஒன்றுவிடாமல் பொருத்திக்கொடுக்க வேண்டும். அந்தப் பொருத்தம்தான் என் பிழைப்பு.

கலியபெருமாள் பயன்படுத்திய எழுத்துருவை நான் அதுவரை கண்டதில்லை. யாரோ சொந்த உபயோகத்துக்குச் செய்து நண்பர்களுக்குக் கொடுத்தது போலும். ஆனாலும் ஏற்கெனவே எனக்குத் தெரிந்த ஒன்றோடு பெரும்பாலும் ஒத்துப்போயிற்று. இது போதும் என்று நினைத்தேன்.

கோப்பைப் பென் டிரைவில் எடுத்தேன். என் கணினியில், புதிய சொற்செயலியில் திறந்தேன். வெறும் உரையாக, அதே பெயரில், அதன் மேலேயே சேமித்தேன். நகல் எடுத்து வைக்கவில்லை! புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான்... அன்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. பிறகு, எந்தக் கோப்பு வந்தாலும் கை தானாகச் செய்யும் ஒரு வேலையைச் செய்தேன். சொற்களுக்கு நடுவே இரட்டை இடைவெளி விழுந்திருந்தால் அதை ஒற்றையாக்கும் ஒரு கட்டளை. பக்கம் சுத்தமாகும். அதற்காக.

அப்புறம் தினேஷுக்குப் போன் செய்தேன்.

“எல்லாம் எடுத்துட்டேன் தம்பி. பெட்டியத் தூக்கிட்டுப் போயிடு. எடத்த அடைச்சிக்கிட்டு இருக்கு.”

“வீட்லயும் எடமில்லக்கா. காயலாங்கடையில போட்டுடவா?”

“போட்டுடு.”

ஒரே ஒரு சொல். எவ்வளவு எளிதாகச் சொன்னேன்!

அன்று மாலையே வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். மறுநாள் பொருத்தத்தை ஓடவிட்டேன். திரையில் தமிழ் எழுந்து வந்தது. அழகான, நேரான, ஆடம்பரம் இல்லாத தமிழ். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டேன். பிறகு வாசிக்கத் தொடங்கினேன்.

“ம்மாவுக்கு நான் நாலாவது பிள்ளை. ப்பா கட்டுமரம் வைத்திருந்தார். வீட்டில் ரிசி ல்லாத நாட்களும் ருந்தன.”

‘அ’ இல்லை. ‘இ’ இல்லை. முழுக் கோப்பிலும் ஓரிடத்தில்கூட இல்லை.

என் பொருத்தப் பட்டியலில்தான் இரண்டையும் விட்டுவிட்டேன் போலும் என்று நினைத்து, சேமித்த கோப்புக்குத் திரும்பினேன். அங்கே அந்த இருக்கைகளே காலி. அப்போதுதான் உறைத்தது. அந்த எழுத்துருவைச் செய்தவர், எழுத்துக்கு உரியவையல்லாத இரண்டு இருக்கைகளில் இந்த இரண்டையும் உட்காரவைத்திருக்கிறார். கலியபெருமாளின் பழைய சொற்செயலி அதைக் கண்டுகொள்ளவில்லை. என்னுடைய புதியது கண்டுகொண்டது. வேண்டாத குறிகள் என்று இரண்டையும் துடைத்துப் போட்டுவிட்டது. நானும் அதன் மேலேயே சேமித்துவிட்டேன்.

உடனே தினேஷுக்குப் போன் போட்டேன். காலையிலேயே பெட்டியைப் போட்டாயிற்று என்றான்.

“ஏன்க்கா, எதுனா வேணுமா?”

“இல்ல... சும்மாதான் கேட்டேன்.”

அது என் முதல் பொய்.

பிறகு நான் செய்தது எனக்கே பெருமையாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? விட்டுப்போன எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன். ‘ம்மா’ என்றால் அம்மா. ‘ல்லை’ என்றால் இல்லை. ‘ரிசி’ என்றால் அரிசி. இதில் என்ன சந்தேகம்? வேலை வேகமாக ஓடியது. ‘ன்று’ என்பது அன்றா, இன்றா என்று சில இடங்களில் நின்றேன். ‘ங்கே’ என்பது அங்கேயா, இங்கேயா? முன்னும் பின்னும் வாசித்தால் விடை கிடைத்துவிடும். கிடைக்காத இடங்களில் எதை வைத்தாலும் குடி முழுகிப் போகாது.

இப்படியே கடல் வந்த நாளுக்கு வந்து சேர்ந்தேன்.

அந்த அத்தியாயத்தில் மட்டும் பிள்ளைகளின் பெயர்களை அவர் எழுதவில்லை. மற்ற இடங்களில் எல்லாம் பாலு, தினேஷ் என்று ஆசை ஆசையாக எழுதியவர், இங்கே அவன், இவன் என்றே எழுதிக்கொண்டு போயிருக்கிறார். போய்ச் சேர்ந்தவன் அவன். இருப்பவன் இவன். அவர் எழுதியபடியே இருந்திருந்தால் சிறு பிள்ளைக்கும் புரிந்திருக்கும். எனக்கு முன்னால் இருந்ததோ இதுதான்:

“வலது கையில் வன். டது கையில் வன். தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது. ரண்டு பேரையும் தூக்க முடியாது என்று தெரிந்துபோயிற்று. வன் கையை விட்டேன். வனைப் பிடித்துக்கொண்டேன். ன்று வரை யாரிடமும் சொன்னதில்லை.”

எத்தனை முறை வாசித்தேன்! முந்தைய பக்கம், பிந்தைய பக்கம், முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடியும்... எங்கும் விடை இல்லை. அடுத்த பத்தியிலேயே அவர் மயக்கம் தெளிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். கைகள் இரண்டும் காலி.

யார் கையை விட்டார்? யாரைப் பிடித்துக்கொண்டார்?

அன்று மாலை ஷிஃப்ட் முடிந்து தினேஷ் வருவதாகச் சொல்லியிருந்தான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பிழைத்தவன் தினேஷ், ஆகவே பிடித்துக்கொள்ளப்பட்டவன் தினேஷாகத்தானே இருக்க வேண்டும்? இறந்தவன் பாலு, ஆகவே விடப்பட்டவன் பாலுவாகத்தானே இருக்க வேண்டும்? இவ்வளவுதான் நான் யோசித்தது. வெண்டைக்காயா, கத்தரிக்காயா என்று சந்தையில் நின்று யோசிப்பதைவிடக் குறைவாக!

“அவன் கையை விட்டேன். இவனைப் பிடித்துக்கொண்டேன்.”

அடித்தேன். சேமித்தேன். அச்செடுத்தேன்.

வெற்றிடம் விட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்களா? ‘தம்பி, இந்த இடத்தில் எழுத்து போய்விட்டது, தவறு என்னுடையது’ என்று சொல்லியிருக்கலாமே? ஆம். சொல்லியிருக்கலாம். எந்தக் கோப்பையும் திறந்துவிடும் அக்கா அப்படிச் சொல்வாளா?

தினேஷ் வந்தான். கட்டு போட்ட தாள்களை வாங்கியவன் முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை. விரலால் புரட்டிப் புரட்டித் தேடினான். சுனாமி என்ற சொல் கண்ணில் பட்டதும் நின்றான். நின்றபடியே வாசித்தான். பிறகு மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தான். தோள்கள் குலுங்கின.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்கவில்லை.

“என்னத்தான் புடிச்சிருக்காருக்கா” என்றான். “எங்கப்பா என்னத்தான் புடிச்சிக்கிட்டு இருந்திருக்காரு!”

எனக்கு எதுவும் புரியவில்லை.

“எனக்கு ஞாபகம் இருக்கிறது வேறக்கா. அப்ப சின்னப் புள்ள நான். அவரு கை வழுக்கல... அவரா வுட்டாரு. வெரல ஒண்ணொண்ணா எடுத்தாரு. அப்படித்தான் எனக்குள்ள இருக்கு. அம்மாகிட்ட சொன்னா, பயத்துல உளறாதன்னுவாங்க. அவர எடுத்தது செவுத்தோரத்துல, என்ன எடுத்தது சவுக்குத் தோப்புல. அண்ணனக் கண்ணாலகூடப் பாக்கல. அண்ணனுக்காக என்ன வுட்டுட்டாருன்னே நெனச்சிக்கிட்டு வளந்தேன். அவர்கிட்ட மொகம் குடுத்துப் பேசினதே இல்லக்கா. குடிகாட்டுல ரூம் எடுத்துத் தங்குனதே அதுக்குத்தான். ஒரு தடவ கேட்டிருக்கலாம். கேக்குறதுக்குள்ள அவருக்குப் பேச்சு போயிட்டுது.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

“எனக்குத்தான் தப்பா ஞாபகம் இருந்திருக்கு. இல்லக்கா?”

இந்த இடத்தில் என்னை நிறுத்திப் பாருங்கள். அவன் என்னைப் பார்த்துக் கேட்கிறான். விரல் விரலாக விட்டதை நினைவில் வைத்திருக்கிறான் ஒருவன்... நான் எந்த நினைவும் இல்லாமல் இரண்டு எழுத்துகளை அடித்துவிட்டு நிற்கிறேன்.

“சின்னப் புள்ளைங்களுக்கு அப்படித்தான் தம்பி, எல்லாம் கொழம்பிப் போயிடும்” என்றேன்.

அவன் அந்த மாதமே குடிகாட்டு அறையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினான். அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டுகிறேன், சவரம் செய்துவிடுகிறேன், சக்கர நாற்காலியில் தெருமுனை வரை கூட்டிப்போகிறேன் என்று எனக்குப் போன் செய்து சொல்வான். ஒவ்வொரு முறையும், “எல்லாம் உன்னாலதான்க்கா” என்பான். நல்லதுதானே நடந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி நம்பினேன்.

பிறகு ஒரு நாள் லால்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் பழைய கல்யாண வாழ்த்துமடல் ஒன்றின் கோப்பை எடுத்துவந்தார். திறந்தேன். அதே எழுத்துரு! இம்முறை நகல் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இருக்கையாக நிதானமாகப் பார்த்தேன். ‘இ’ தடமே இல்லாமல் போய்விடுகிறது. ஆனால் ‘அ’ அப்படிப் போகவில்லை. அது இருந்த இடத்தில் ஒரு வெற்றிடம் விழுகிறது. சொல்லுக்கு முன்னால் ஏற்கெனவே உள்ள இடைவெளியோடு சேர்ந்து அது இரட்டை இடைவெளியாகி நிற்கிறது.

புரிகிறதா உங்களுக்கு? எழுத்துகள் அழிந்த பிறகும் விடை அந்தக் கோப்பில் இருந்தது! இரட்டை இடைவெளி இருந்தால் அவன். ஒற்றை இருந்தால் இவன். அதைத்தான் பக்கம் சுத்தமாக வேண்டும் என்று ஒரே கட்டளையில் ஒற்றையாக்கினேன். இயந்திரம் மிச்சம் வைத்ததையும் என் கை துடைத்துவிட்டது.

அன்றே கடலூருக்குப் பஸ் ஏறினேன். தினேஷ் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்ன காயலாங்கடையைத் தேடிப் பிடித்தேன். கடைக்காரர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

“கம்ப்யூட்டர் பொட்டியா? அதெல்லாம் அப்பவே ஒடச்சி, செம்பு தனியா, தகரம் தனியா போயிட்டுதும்மா. ஜாஸ்தி நாள் வெச்சிருக்க மாட்டோம்.”

அங்கிருந்து தேவனாம்பட்டினத்துக்கு நடந்தேன். தினேஷிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். சத்தியமாக அப்படித்தான் போனேன்...

அவன் வேலைக்குப் போயிருந்தான். வாசலில் அஞ்சலையம்மாள் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தார். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. பெயரைச் சொன்னேன்.

“பொஸ்தகம் அடிச்சிக் குடுத்தவங்களா? உள்ள போம்மா. படுத்திருக்காரு.”

குரலில் ஏதோ வறண்டு கிடந்தது. உள்ளே வந்த பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி தாழ்ந்த குரலில் எனக்குச் சொன்னாள்:

“தினேசு அந்தப் பொஸ்தகத்த அப்பாவுக்குச் சத்தமாப் படிச்சிக் காட்டுனான். அஞ்சல அண்ணி அடுப்படியில நின்னு கேட்டுட்டாங்க. பாலுவக் கடல் புடுங்கிக்கிட்டு போயிட்டுதுன்னுதான் இத்தன வருசமா நெனச்சிருந்தாங்க. இவரே வுட்டாருன்னு இப்பத்தான் தெரியுது. அன்னியிலேருந்து அவரோட பேச்சே இல்ல. சோறு வெப்பாங்க, துணி மாத்துவாங்க. ஒரு வார்த்த பேச மாட்டாங்க. பேச முடியாத மனுசன்கிட்டப் பேசாம இருக்காங்கக்கா.”

மகனுக்கு அப்பாவைக் கொடுத்த அதே வரி, அந்த அம்மாளிடமிருந்து புருஷனைப் பிடுங்கிக்கொண்டது. நான் போட்ட வரி!

அந்தப் பெண் போன பிறகு கலியபெருமாளின் கட்டிலருகே உட்கார்ந்தேன். கண்கள் மட்டும் தெளிவாக இருந்தன. யாரென்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

“ஐயா... அன்னிக்குத் தண்ணியில கைய விட்டீங்களே. யாரோட கைய விட்டீங்க? பாலுவோட கையா?”

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

“தினேஷோட கையா?”

வழிந்துகொண்டே இருந்தது. இடது கை போர்வையைப் பற்றி இறுக்கியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆம் என்பதா, இல்லை என்பதா, போய்விடு என்பதா... எதுவும் எனக்கு விளங்கவில்லை. வாய் பேசாத மனிதரிடம் மறுபடியும் அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து நிறுத்திக் கேள்வி கேட்கிறேன். எனக்கு என்ன உரிமை? அவர் யாரிடமும் சொல்லாததை ஒரு முறை எழுதிச் சொன்னார். அதையும் நான் அழித்தேன். இப்போது வந்து, திருப்பிச் சொல் என்கிறேன்!

எழுந்து திரும்பினேன். வாசற்படியில் அஞ்சலையம்மாள் நின்றுகொண்டிருந்தார். மீன் செதில் ஒட்டிய கை முந்தானையில் இருந்தது. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. வந்த காரியத்தைச் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன்.

யாரிடம் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். அம்மாளிடம் சொன்னால், அவருக்குப் புருஷன் திரும்பக் கிடைக்கலாம். ஆனால் தினேஷ்? ‘உன் நினைவே சரியாக இருக்கலாம், உன்னைத்தான் அவர் விட்டிருக்கலாம்’ என்று, இப்போது கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறவனிடம் போய்ச் சொல்வதா? அதுவாவது உண்மை என்று தெரிந்தால் சொல்லலாம். உண்மையும் என்னிடம் இல்லையே! கொடுப்பதற்கு என்னிடம் இருந்தது சந்தேகம் ஒன்றுதான்.

கொஞ்ச நாளில் கலியபெருமாள் இறந்துபோனார். சாவுக்குப் போனேன். தெருப் பெண்கள் எல்லாரும் மாரடித்து அழுதார்கள். தினேஷ் தகப்பனின் காலைப் பிடித்துக்கொண்டு எழவே இல்லை. அஞ்சலையம்மாள் அழுதார். ஆனால் ஒப்பாரியில், “என் புள்ள... என் புள்ள...” என்றுதான் அழுதார். புருஷனைப் பற்றி ஒரு சொல் வரவில்லை.

சென்ற மாதம் அவர் என் கடைக்கு வந்தார். தனியாக, பஸ் பிடித்து, விசாரித்து விசாரித்து மாடி ஏறி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. உட்காரவைத்து மின்விசிறியைத் திருப்பிவிட்டேன்.

“வருசத் தேவசத்துக்கு அத நல்ல பொஸ்தகமா அடிச்சி எல்லாருக்கும் குடுக்கப் போறேன்னு நிக்கிறான் என் மவன். ஒன்கிட்டத்தான் குடுப்பான்.”

“ஆமாம்மா. சொன்னாரு.”

“அன்னிக்கு நீ அவர்கிட்ட கேட்டியே... பாலுவா, தினேசான்னு. அது ஏன் கேட்ட? பொஸ்தகத்துலதான் தெளிவா போட்டிருக்குதே?”

கேட்டுவிட்டார். நான் காத்திருந்த கேள்வி, நான் அஞ்சிக்கொண்டிருந்த கேள்வி... என் முன்னால் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டார். வாயைத் திறந்தேன். கடையில் வேலை பார்க்கும் பெண்கள் இருவரும் பக்கத்து மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள்.

“அவருக்கு நெனவு இருக்கான்னு பாக்கத்தாம்மா கேட்டேன். சும்மா.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

“கடைசி வரைக்கும் நான் அவரோட பேசல. மனசு வரல. பெரியவன வுட்டத எழுதி வெச்சிட்டுப் போவணுமா? எழுதாம இருந்திருக்கலாம் இல்ல? நானும் பழைய மாதிரியே கெடந்திருப்பேன்.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏம்மா,” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. “அடிக்கிறதுக்கு முன்னாடி அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துட முடியுமா? ஊரே படிக்கப் போவுது. எம் புள்ளைய அப்பனே வுட்டான்னு ஊரு படிக்க வேணாம். ஒன் கம்ப்யூட்டர்ல அத அழிச்சிட முடியுந்தானே?”

முடியும். ஒரு விசையை அழுத்தினால் போதும். ஆனால் தினேஷ் முதலில் புரட்டும் பக்கம் அது. அவனுக்கு மனப்பாடமான வரி அது. இல்லை என்றால் ஏன் என்று கேட்பான். கேட்டால் எல்லாம் வெளியே வரும். இத்தனையும் என் மனதில் நொடியில் ஓடி முடிந்தது. அந்த அம்மாளுக்காக ஒரு நொடிகூட ஓடவில்லை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“அவரு எழுதுனத நாம எப்படிம்மா மாத்துறது? ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாதும்மா.”

“அதுவும் சரிதான்” என்றார் அவர். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். கைப்பிடிச் சுவரைத் தடவித் தடவி, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.